கதவு இருக்கு... ஆனா திறக்காது! குட்டி விமானங்களில் உயிர் பறிக்கும் 'எமர்ஜென்சி எக்சிட்'

விமானம் தண்ணீரில் கவிழ்ந்தது. உள்ளே 5 பேர். விமானியும் ஒரு பயணியும் எப்படியோ வெளியே வந்துவிட்டார்கள். மீதி 3 பேர் வரவே இல்லை.

கனடாவின் வடமேற்கு பிரதேசத்தில் 'லிட்டில் டாக்டர்' என்ற ஏரி. 2018 ஆகஸ்ட் 16-ந்தேதி அங்கே இறங்க வந்த 'செஸ்னா 206' ரக மிதவை விமானம்தான் இப்படி தலைகுப்புற கவிழ்ந்தது. சுற்றுலா வந்தவர்களை ஏற்றி வந்த விமானம். வானத்தில் இருந்து பொத்தென்று விழவில்லை. தீப்பிடிக்கவில்லை. இறங்கும்போது தடுமாறி கவிழ்ந்ததுதான். அந்த 3 பேரின் உயிரை பறித்தது மோதல் இல்லை, தண்ணீர். வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே மூழ்கிப் போனார்கள்.

வழியே இல்லையா? இருந்தது. பக்கத்திலேயே பெரிய கதவு இருந்தது. ஆனால் அது திறக்காது!

என்னது, அவசர கதவே திறக்காதா? கேட்கவே பகீர் என்கிறதா? அந்த கூத்தையும், அதை சரி செய்ய அரசாங்கங்கள் போடும் உத்தரவுகளின் லட்சணத்தையும் பார்த்தால், 'முதலில் சாவு, அப்புறம் சட்டம்' என்ற கதை புரியும்.

இறக்கையே எமன்!

செஸ்னா 206 என்பது 1960-களில் வந்த அமெரிக்க தயாரிப்பு. ஒற்றை என்ஜின். மொத்தம் 6 பேர் உட்காரலாம். வானத்து 'ஷேர் ஆட்டோ' என்றே சொல்லலாம். ரோடு போடாத காட்டுக்கும், ஏரிக்கும், தீவுக்கும் ஆளையும் மூட்டையையும் ஏற்றிப் போக இதைவிட்டால் ஆளில்லை. 1986-ல் தயாரிப்பை நிறுத்தி, 1998-ல் மறுபடியும் தொடங்கினார்கள். இன்றைக்கும் உலகம் பூராவும் பறக்கிறது.

இதில் பெரும்பாலான மாடல்களுக்கு கதவு கணக்கு ரொம்ப சிம்பிள். முன்னால் இடது பக்கம் விமானிக்கு ஒரு கதவு. பின்னால் வலது பக்கம் சரக்கு ஏற்ற ஒரு இரட்டைக் கதவு, பீரோ கதவு மாதிரி ரெண்டு பலகை. அவ்வளவுதான். முன்னால் வலது பக்கம் உட்காருகிறவருக்கு தனிக்கதவு கிடையாது. பின்னால் இருக்கிறவர்களுக்கு அந்த சரக்கு கதவுதான் கதி.

இங்கேதான் வில்லங்கம். விமானம் இறங்கும்போதும் ஏறும்போதும் இறக்கையின் பின்பக்கம் பலகை மாதிரி ஒன்று கீழே இறங்கும். இதுக்கு 'பிளாப்' என்று பெயர். வேகம் குறைந்தாலும் விமானம் விழாமல் தாங்குவதற்கு இது வேண்டும். செஸ்னா 206-ல் இந்த பிளாப் கீழே இறங்கினால், நேராக சரக்கு கதவின் முன்பலகைக்கு எதிரே வந்து நிற்கும். கதவை தள்ளினால் சில அங்குலம்தான் நகரும். அப்புறம் 'டங்' என்று பிளாப்பில் முட்டி நின்றுவிடும்.

விபத்து எப்போது நடக்கிறது? பெரும்பாலும் இறங்கும்போதும் ஏறும்போதும்தான். பிளாப் எப்போது கீழே இருக்கும்? அதே நேரத்தில்தான். ஆக, கதவு எப்போது அவசியமோ அப்போதுதான் அது திறக்காது.

நாலு 'ஸ்டெப்' வித்தை

'அப்படியா, திறக்கவே முடியாதா?' என்றால், முடியும். அதற்கு ஒரு வித்தை இருக்கிறது. விமானத்துக்குள் அறிவிப்பாகவும் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

முதலில் முன்கதவின் கைப்பிடியை திருப்ப வேண்டும். அடுத்து, அந்தக் கதவை முட்டும் வரைக்கும் தள்ள வேண்டும். மூன்றாவது, அந்த சின்ன இடுக்கில் கையை விட்டு பின்கதவின் ஓரத்தில் இருக்கும் சிவப்பு நெம்புகோலை தேடிப் பிடித்து திருப்ப வேண்டும். நாலாவது, பின்கதவை பலம் கொண்ட மட்டும் தள்ள வேண்டும்.

தரையில், வெளிச்சத்தில், மெக்கானிக் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தால் யாரும் செய்துவிடலாம். ஆனால் விமானம் தலைகீழாக கிடக்கிறது. ஜில்லென்ற தண்ணீர் கழுத்து வரைக்கும் ஏறுகிறது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அந்த விமானத்தில் ஏறிய டூரிஸ்ட், மூச்சை அடக்கிக்கொண்டு நாலு ஸ்டெப்பையும் வரிசையாக செய்ய வேண்டுமாம்!

இன்னொரு கொடுமையும் உண்டு. 'அப்போ பிளாப்பை மேலே ஏற்றிவிட்டால் போச்சு' என்று தோன்றும். அதுவும் நடக்காது. முன்பலகை கொஞ்சம் திறந்துவிட்டாலே பிளாப்புக்கு போகும் கரண்ட் கட்டாகிவிடும். கதவு திறந்திருக்கும்போது பிளாப் இறங்கி கதவை நசுக்கிவிடக் கூடாது என்பதற்காக செய்த பாதுகாப்பு அது. ஒரு பாதுகாப்பே இன்னொரு பாதுகாப்புக்கு எதிரியாகிவிட்ட கதை!

இது கனடா சமாச்சாரம் மட்டும் இல்லை. 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பிரேசர் தீவு கடற்கரையோரம் ஒரு செஸ்னா 206 என்ஜின் மக்கர் செய்து கடலில் இறங்கியது. நல்ல வேளை, உயிர் தப்பினார்கள். அந்த விபத்தை விசாரித்தவர்களும் இதே கதவு, இதே பிளாப் பிரச்சினையைத்தான் எடுத்துச் சொன்னார்கள்.

'கட்டாயம்' வேற... 'ஆலோசனை' வேற!

சரி, ஒரு விமானத்தில் இப்படி கோளாறு இருந்தால் அரசாங்கம் என்ன செய்யும்? இதுதான் பலருக்கும் தெரியாத சமாச்சாரம்.

விமானத்தை தயாரித்த கம்பெனி முதலில் ஒரு சுற்றறிக்கை விடும். 'இந்த நட்டை மாற்றுங்க, அந்த கைப்பிடியை மாற்றுங்க' என்று சொல்லும். சொந்தக்காரர் செய்தால் நல்லது. தனியாரின் சின்ன விமானங்களில் இதை செய்யாமல் விட்டாலும் பெரும்பாலும் கேட்க நாதி இல்லை. அரசாங்கமும் சில சமயம் 'தகவலுக்காக' என்று ஒரு அறிக்கை விடும். அதுவும் ஆலோசனைதான்.

இதுக்கு மேலே ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஏர்வொர்தினெஸ் டைரக்டிவ்', சுருக்கமாக 'ஏ.டி.' என்பார்கள். பறக்கும் தகுதி பற்றிய கட்டாய உத்தரவு. இது வந்துவிட்டால் விளையாட்டு கிடையாது. சொன்ன கெடுவுக்குள் சொன்ன வேலையை முடிக்காவிட்டால் அந்த விமானம் பறக்கவே கூடாது. மீறிப் பறந்தால் சட்ட விரோதம்.

அமெரிக்காவில் 'எப்.ஏ.ஏ.' என்ற மத்திய விமான நிர்வாகம்தான் இதை போடுகிறது. அதற்கு ரெண்டு விஷயம் நிரூபணம் ஆக வேண்டும். ஒன்று, கோளாறு ஆபத்தானதாக இருக்க வேண்டும். இரண்டு, அதே கோளாறு அதே டிசைனில் செய்த மற்ற விமானங்களிலும் இருக்கவோ, வரவோ வாய்ப்பு இருக்க வேண்டும். ஒரே ஒரு விமானத்தில் மெக்கானிக் சொதப்பினால் அதற்கு ஏ.டி. கிடையாது.

சாதாரணமாக முதலில் அரசிதழில் வரைவு வெளியிட்டு, பொதுமக்களிடம் கருத்து கேட்பார்கள். விமான சொந்தக்காரர்கள், கம்பெனிகள், சங்கங்கள் எல்லாம் எழுதுவார்கள். அதற்கெல்லாம் பதில் எழுதி, அப்புறம்தான் இறுதி உத்தரவு. மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் இழுக்கும். தலைபோகிற அவசரம் என்றால் மட்டும் கருத்து கேட்காமலேயே 'அவசர உத்தரவு' பறக்கும்.

கதவு சம்பந்தப்பட்ட கோளாறுகள் பல தினுசு. தாழ்ப்பாள் ஊசி துருப்பிடித்து இறுகும். மறுபடி பெயின்ட் அடிக்கும்போது கதவின் விளிம்பு ஒட்டிக்கொள்ளும். உள்ளே அழகுக்கு போட்ட பலகை கைப்பிடியை மறைக்கும். சீட்டை நகர்த்திப் போட்டதில் வழி அடைபடும். நம்ப முடியாவிட்டால் ராத்திரி கிளம்பும் ஆம்னி பஸ்சில் அவசர கதவு பக்கம் எட்டிப் பார்த்தால் போதும். அங்கேயும் சீட், மூட்டை, பார்சல்!

சீட்டை கழற்று!

ஏரியில் 3 பேர் செத்த பிறகு கனடா அரசு சும்மா இருக்கவில்லை. 2020-ல் செஸ்னா 206-க்கு கட்டாய உத்தரவு போட்டது. விமானத்தில் ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கையை 5 ஆக குறைத்தது. நடு வரிசையில் ஒரு சீட்டை கழற்றச் சொன்னது.

கதவை மாற்றச் சொல்லவில்லை. பிளாப்பை மாற்றச் சொல்லவில்லை. சீட்டை கழற்று என்றது. ஏன்? அதுதான் சீக்கிரம் நடக்கிற வேலை. ஸ்பேனர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். உள்ளே நகர்ந்து போக கொஞ்சம் இடம் கிடைக்கும். ஒரு உயிர் குறைவாக ஏறும், அந்தளவுக்கு ஆபத்தும் குறையும்.

ஆனால் கதவு அதே கதவுதான். பிளாப் இறங்கினால் முட்டும் என்ற டிசைன் அப்படியேதான் இருக்கிறது. காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்ட மாதிரி. சூடு தணியும், நோய் போகாது. முழுசாக டிசைனை மாற்றுவது என்றால் புதுசாக சோதனை, புதுசாக சான்றிதழ், ஆயிரக்கணக்கான பழைய விமானங்களில் வெட்டி ஒட்டும் வேலை என்று வளர்ந்துகொண்டே போகும்.

ஆறு பேர் பலி... பத்து வருஷ இழுபறி

இதற்கு முன்னாடியே கனடாவுக்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது. 2009 நவம்பர் 29-ந்தேதி பிரிட்டிஷ் கொலம்பியாவில் சட்டர்னா தீவு பக்கம் 'பீவர்' ரக மிதவை விமானம் கடலில் விழுந்தது. 8 பேரில் 6 பேர் பலி. அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. விழுந்த வேகத்தில் கதவுகள் நெளிந்து சிக்கிக்கொண்டன. தப்பியது விமானியும் ஒரு பயணியும் மட்டும்தான்.

பீவர் விமானம் 1947-ல் முதலில் பறந்தது. 1967 வரைக்கும் 1,600-க்கும் மேல் தயாரித்தார்கள். அந்தக் காலத்தில் 'தண்ணீருக்குள் கவிழ்ந்தால் எப்படி வெளியே வருவது' என்று யாரும் பெரிசாக யோசிக்கவில்லை.

விசாரணை நடத்திய கனடா போக்குவரத்து பாதுகாப்பு வாரியம் சொன்ன கணக்கு அதிர்ச்சியானது. அதற்கு முந்தைய 20 வருஷத்தில் தண்ணீரில் விழுந்த விமானங்களில் செத்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் மூழ்கித்தான் செத்திருக்கிறார்கள். அதாவது, மோதலில் தப்பித்தவர்களை தண்ணீர் கொன்றிருக்கிறது.

வாரியம் 2 பரிந்துரை செய்தது. ஒன்று, பயணிகள் விமானத்தில் இருக்கும்போதே மிதவை அங்கி போட்டிருக்க வேண்டும். இரண்டு, வாடகைக்கு ஓடும் எல்லா மிதவை விமானத்திலும் சீக்கிரம் வெளியேறும் வகையில் கதவும் ஜன்னலும் இருக்க வேண்டும். பீவருக்கு முழங்கையால் தள்ளினால் அப்படியே கழன்று விழும் ஜன்னல் கூட சந்தைக்கு வந்துவிட்டது.

அரசு என்ன செய்தது? 2019-ல், அதாவது விபத்து நடந்து பத்து வருஷம் ஆகும் சமயத்தில், விதியை மாற்றியது. மிதவை அங்கி கட்டாயம். விமானிகளுக்கு தண்ணீருக்குள் இருந்து வெளியேறும் பயிற்சியும் கட்டாயம். ரெண்டும் நல்ல விஷயம்தான். ஆனால் தள்ளித் திறக்கும் ஜன்னல்? அது சொந்தக்காரர் இஷ்டம்! நீந்தத் தெரிந்தவனாக இருந்தாலும், அங்கி போட்டிருந்தாலும், வெளியே வந்தால்தானே மிதக்க முடியும்?

பெரிய விமானம்னா ஒரே நாள்!

இப்போது இன்னொரு பக்கத்தை பார்த்தால் வித்தியாசம் பளிச் என்று தெரியும்.

2024 ஜனவரி 5-ந்தேதி, அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 'போயிங் 737 மேக்ஸ் 9' விமானம். உள்ளே 177 பேர். சுமார் 16 ஆயிரம் அடி உயரத்தில் பக்கவாட்டில் ஒரு பலகை பிய்த்துக்கொண்டு போனது. அவசர கதவு வைக்க வேண்டிய இடத்தை, சீட் குறைவு என்பதால் கதவு வைக்காமல் அடைத்திருந்த பலகை அது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. பலகையை பிடித்து வைக்க வேண்டிய 4 போல்ட்டுகள் போடவே இல்லை என்பது விசாரணையில் அம்பலமானது.

அரசாங்கம் எத்தனை நாள் எடுத்துக்கொண்டது? ஒரே நாள்! மறுநாள் சனிக்கிழமையே அவசர உத்தரவு. 171 விமானங்கள் தரையில். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து 'ஓ.கே.' சொன்ன பிறகுதான் மறுபடி பறக்க அனுமதி.

ஒருத்தர் கூட சாகாத விபத்துக்கு ஒரே நாளில் உத்தரவு. 6 பேர் செத்த விபத்துக்கு பத்து வருஷம். அதுவும் பாதிதான்!

பெரிய விமானங்களுக்கு விதியும் கறார். 44 சீட்டுக்கு மேல் இருந்தால், இருட்டில், பாதி கதவுகளை மட்டும் பயன்படுத்தி, மொத்த ஆட்களையும் 90 வினாடியில் வெளியேற்ற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன் சான்றிதழ் வாங்கிய 6 சீட் விமானத்துக்கு அப்படி ஒரு பரீட்சை கிடையாது. அன்றைக்கு எந்த விதி இருந்ததோ அதுக்கு பாஸ் ஆனால் இன்றைக்கும் பாஸ்தான்.

பணம் யார் கொடுப்பது?

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. குட்டி விமானங்களின் பொருளாதாரமே வேற மாதிரி. பெரிய விமானத்துக்கு சொந்தக்காரர் பெரிய கம்பெனி. ஒரு கதவை மாற்றும் செலவு 180 டிக்கெட்டில் கரைந்துவிடும். குட்டி விமானத்துக்கு சொந்தக்காரர் பெரும்பாலும் தனி ஆள், அல்லது ரெண்டு மூணு விமானம் வைத்து ஓட்டும் சின்ன முதலாளி. ஒரு சீட்டை கழற்றினாலே ஆறில் ஒரு பங்கு இடம் போச்சு. வருமானத்தில் கை வைத்த மாதிரி.

எப்.ஏ.ஏ. உத்தரவு போடும்போது செலவு கணக்கையும் சேர்த்தே வெளியிடும். பல உத்தரவுகளில் மெக்கானிக் கூலி மணிக்கு 85 டாலர் என்று போட்டிருக்கும். அதோடு பாகத்தின் விலை, மொத்த விமானங்களின் எண்ணிக்கை எல்லாம் பெருக்கி வரும். இந்தக் கணக்கில் 40 வருஷ பழைய விமானத்தின் சொந்தக்காரர் 'எனக்கு கட்டுப்படி ஆகாது' என்று எழுதுவார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. செலவு தாங்காமல் விமானமே நின்றுபோனால், அதை நம்பி இருக்கும் காட்டு கிராமத்துக்கு மருந்தும் மளிகையும் எப்படிப் போகும்?

ஆனால் டிக்கெட் எடுத்து ஏறுகிற பயணி இந்த கணக்கில் எங்கே வருகிறார்? அவருக்கு அந்தக் கதவு முட்டும் என்பதே தெரியாது. தெரியாமல் எடுக்கும் ஆபத்துக்கு அவர் எப்படி பொறுப்பு? தனி ஆள் தன் விமானத்தில் தானே பறப்பது வேற. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவரை ஏற்றுவது வேற. வாடகை விமானத்துக்காவது கதவும் ஜன்னலும் கட்டாயம் என்று வாரியம் கேட்டதன் அர்த்தம் இதுதான்.

இந்தியாவில் என்ன நிலைமை?

'கனடா ஏரிக்கும் இங்கே இருக்கிறவர்களுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

இந்தியாவில் இந்த வேலையை பார்ப்பது டி.ஜி.சி.ஏ. என்ற சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குனரகம். எந்த நாட்டில் விமானத்தை டிசைன் செய்தார்களோ, அந்த நாட்டு அரசு போடும் கட்டாய உத்தரவை இங்கே பதிவான விமானங்களும் நிறைவேற்றியாக வேண்டும். ஆக, அமெரிக்கா தயாரிப்பில் அமெரிக்கா அசட்டையாக இருந்தால் அதன் பலன் இங்கேயும் வரும். டி.ஜி.சி.ஏ. தனியாகவும் உத்தரவு போடலாம். அலாஸ்கா சம்பவம் நடந்த மறுநாளே, இந்திய கம்பெனிகளிடம் 'மேக்ஸ் 9' ஒன்று கூட இல்லாத நிலையிலும், 'மேக்ஸ் 8' விமானங்களின் அவசர கதவுகளை சோதிக்கச் சொன்னது.

சென்னைவாசிகளுக்கு இன்னொரு சம்பவம் ஞாபகம் இருக்கும். 2022 டிசம்பர் 10-ந்தேதி சென்னையில் இருந்து திருச்சிக்கு கிளம்ப இருந்த இண்டிகோவின் 'ஏ.டி.ஆர்.' குட்டி விமானத்தில், தரையில் நிற்கும்போதே ஒரு பயணி அவசர கதவை திறந்துவிட்டார். என்ஜினீயர்கள் முழுசாக சோதித்த பிறகுதான் விமானம் கிளம்பியது. அது திறக்கக் கூடாத நேரத்தில் திறந்த கதவு. கனடாவில் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காத கதவு. அவசர கதவின் மொத்த பிரச்சினையும் இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

மிதவை விமானமும் இந்தியாவுக்கு புதுசு இல்லை. அந்தமானில் 2010 டிசம்பரிலேயே 'ஜல் ஹன்ஸ்' என்ற பெயரில் விட்டார்கள். குஜராத்தில் 2020 அக்டோபர் 31-ந்தேதி சபர்மதியில் இருந்து படேல் சிலைக்கு விட்டார்கள். பக்கத்து கேரளாவில் 2024 நவம்பரில் கொச்சியில் இருந்து மாட்டுப்பட்டி அணைக்கு சோதனை ஓட்டம் நடந்தது. இவை செஸ்னா 206 இல்லை, வேறு பெரிய ரகங்கள். ஆனாலும் தண்ணீருக்கு பேதம் தெரியாது. இறங்கும் இடம் எங்கே, டிக்கெட் என்ன விலை என்று கேட்கிற அளவுக்கு, 'கவிழ்ந்தால் ஜன்னல் கழலுமா?' என்று யாரும் கேட்பதில்லை.

ஏறுகிறவர்கள் கவனத்துக்கு...

குட்டி விமானமோ, மிதவை விமானமோ, எப்போதாவது ஏற நேர்ந்தால் சில விஷயங்களை மறக்கக் கூடாது.

* உட்கார்ந்ததும் கதவு எங்கே, கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிப் பார்க்கலாம். வெட்கப்பட வேண்டியதில்லை.

* 'பிளாப் இறங்கியிருந்தா இந்தக் கதவு திறக்குமா சார்?' என்று விமானியிடமே கேட்கலாம். நல்ல விமானி கோபப்பட மாட்டார், செய்து காட்டுவார்.

* தண்ணீரில் கவிழ்ந்தால், ஒரு கையால் ஜன்னல் விளிம்பையோ கதவையோ பிடித்துக்கொண்ட பிறகுதான் பெல்ட்டை கழற்ற வேண்டும். முதலிலேயே கழற்றினால் உடம்பு மிதந்து திசை தெரியாமல் போய்விடும்.

* மிதவை அங்கியில் உள்ளேயே காற்று நிரப்பக் கூடாது. வெளியே வந்த பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும். 1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் கொமொரோ தீவு பக்கம் கடலில் விழுந்தபோது, உள்ளேயே காற்று நிரப்பிய பலர் கூரையோடு மிதந்து வெளியே வர முடியாமல் செத்தார்கள். அந்த விபத்தில் மொத்தம் 125 பேர் பலி.

இதெல்லாம் பயணி தன் பங்குக்கு செய்யக் கூடியது. ஆனால் கதவே முட்டி நின்றால் பயணி என்ன செய்ய முடியும்? அதை சரி செய்ய வேண்டியது தயாரித்தவரும், அனுமதி கொடுத்தவரும்தான்.

விமானத்தில் 'அவசர வழி' என்று சிவப்பு எழுத்தில் ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் செலவுதான் ஆகும். அது நிஜமாகவே வழியாக இருக்க வேண்டும் என்று சொல்ல ஒரு உத்தரவு வேண்டும். அந்த உத்தரவு அடுத்த சாவுக்கு முன்னாடி வருமா, பின்னாடி வருமா என்பதுதான் கேள்வி!